அத்தைக்கு ஒரு கட்டில்

மதுரை வடக்கு மாசி வீதிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கடிதம் 4 பக்கம். அதில் மூன்றரைப் பக்கம் உறவினர்களைப் பற்றியது. கடைசி அரைப் பக்கம்தான் கேள்வி. சுருக்கிச் சொல்கிறேன்.

மாமனார் காலத்துக்கும் முந்திய வீடு. அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்துக் கொண்டதில் இவர்கள் பங்குக்கு வந்தது, தெருவாசலிலிருந்து கொல்லை வரைக்கும் ரயில் வண்டி மாதிரி நீண்டு கிடக்கும் 11 அடி அகலப் பகுதி. திண்ணை, நடை, ஒரு குட்டி முற்றம், கூடம், சமையலறை, மச்சில் ஓர் அறை. அவ்வளவுதான். சித்திரைத் திருவிழாவுக்குக் கொடி ஏறிவிட்டால் உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து இறங்கிவிடுவார்கள். வராமல் இருப்பார்களா? மீனாட்சி அம்மனின் தேர் மாசி வீதிகளில் அல்லவா வருகிறது! வாசற்படியில் நின்றால் போதும், தரிசனம் தானாக நடந்து வருகிறது. கணவரின் அத்தை, வயது 75, எத்தனையோ வருஷமாக ஒரு திருவிழாவுக்குக்கூட வராமல் இருந்ததில்லையாம். சென்ற தடவை விடியற்காலையில் பாயை விட்டு அவரால் எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு பேர் கைகொடுத்துத் தூக்கினார்கள். அப்போது அத்தை சிரித்துக் கொண்டுதான் இருந்தார். ஆனால் இந்த வருஷம், ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு லாட்ஜில் அறை பார்க்கச் சொல்லி டெலிபோன் செய்துவிட்டார்.

"அத்தை லாட்ஜில் தங்குவதென்றால் எங்களுக்குத் திருவிழாவே வேண்டாம்" என்று எழுதுகிறார் வாசகி. அவர் கணவருக்கு ஒரு யோசனை: திண்ணையை இடித்து, சுவர் எழுப்பி ஓர் அறையாக்கி, அதில் சுவருக்குள் மடங்கிக் கொள்ளும் கட்டில் ஒன்றை மாட்டிவிடலாம் என்று. விளம்பரத்தில் பார்த்தாராம். செய்யலாமா என்று கேட்கிறார்கள்.

கட்டில் சமாசாரம் இருக்கட்டும். முதலில் திண்ணையை இடிக்க வேண்டாம்!

நான் பழைமைக்குப் பல்லாண்டு பாடுகிறவன் அல்ல. காரணம் வேறு. பெரும்பாலான பழைய வீடுகளில் திண்ணை மேல் நிற்கும் மரத் தூண்கள்தான் முகப்புக் கூரையைத் தாங்குகின்றன. திண்ணையில் கைவைத்தால் தூணில் கைவைத்த மாதிரி. தூணில் கைவைத்தால் கூரையில் கைவைத்த மாதிரி. அப்புறம் பக்கத்துப் பங்காளி வீட்டுச் சுவரும் பொதுச் சுவர். சின்ன வேலை என்று ஆரம்பித்து, சிவில் வழக்கில் போய் நிற்பானேன்? தவிர, திண்ணையே ஒரு படுக்கைதான் என்பதை மறந்துவிட்டீர்கள். ஒன்றரை அடி உயரம், இரண்டரை மூன்று அடி அகலம், ஆள் நீட்டிப் படுக்க நீளம். வழிப்போக்கன் படுப்பதற்கென்றே நம் முன்னோர் கட்டி வைத்தது. மூங்கில் தட்டி ஒன்றும் கொசுவலை ஒன்றும் போட்டுவிட்டால், திருவிழாவுக்கு வரும் காலேஜ் பையன்கள் இருவரை இன்றைக்கும் அங்கே படுக்க வைக்கலாம். அவர்கள் எப்படியும் இரவு 2 மணிக்குத்தான் வீடு திரும்பப் போகிறார்கள்.

இனி, சுவர்க் கட்டில். அமெரிக்காவில், சான் பிரான்சிஸ்கோவில், 1900ஆம் ஆண்டை ஒட்டி வில்லியம் மர்பி என்று ஒருவர் இருந்தார். ஒற்றை அறையில் குடியிருந்தவர். கட்டில் கண்ணில் படும் அறைக்குள் ஒரு பெண்ணை அழைப்பது மரியாதை அல்ல என்ற காலம். ஆகவே, கட்டிலையே நிமிர்த்தி மறைத்து வைக்க ஏற்பாடு செய்தார். அந்தப் பெண்ணையே பிறகு கல்யாணம் செய்து கொண்டார் என்று அவருடைய குடும்பத்தார் கதை சொல்கிறார்கள். 'மர்பி கட்டில்' என்ற பெயர் அந்த நாட்டில் எவ்வளவு ஊறிப்போயிற்று என்றால், அது இனி ஒரு கம்பெனிக்கு மட்டும் சொந்தமான பெயர் அல்ல, பொதுப் பெயர்தான் என்று 1989ல் ஒரு கோர்ட்டே தீர்ப்புச் சொல்லிவிட்டது.

நல்ல சாமான்தான், மறுக்கவில்லை. ஆனால் அது எதை நம்பி நிற்கிறது? சுவரை! மெத்தையோடு சேர்ந்து ஓர் ஆள் கனம் இருக்கும். தினமும் இறக்கி ஏற்றும்போது அந்தக் கனம் முழுவதும் சுவரில் அடித்த நாலைந்து போல்ட்டுகளை இழுக்கும். கான்கிரீட் சுவர் தாங்கும். மாசி வீதிச் சுவர் அப்படியா? மேலே வழவழவென்று சுண்ணாம்புக் காரை. உள்ளே மெல்லிய பழங்காலச் செங்கல். செங்கல்லுக்கு இடையில் பல வீடுகளில் வெறும் களிமண் சாந்து. விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். 'டொக் டொக்' என்று பொள்ளலாகச் சத்தம் வந்தால் காரை சுவரை விட்டுப் பிரிந்திருக்கிறது என்று அர்த்தம். அங்கே ஆணி அடித்தால் ஆணியோடு தாம்பாளம் அகலத்துக்குக் காரையும் கையில் வரும். இரவில் அத்தையும் கட்டிலும் சேர்ந்து வந்தால்? வேண்டாம், நினைக்கவே பயமாக இருக்கிறது. சுவர்க் கட்டில்தான் வேண்டும் என்றால், சுவரில் தொங்காமல் தரையில் தானாக நிற்கும் அகன்ற அடிப்பீடம் உள்ள அலமாரிக் கட்டிலாகப் பாருங்கள். அது உங்கள் நிலைவாசல் வழியாக உள்ளே நுழையுமா என்பது அடுத்த கேள்வி. குனிந்து நுழைகிற நிலை, ஒரு ஆள் மட்டும் ஏறுகிற மச்சுப்படி. பெட்டி பெட்டியாகச் செய்த சாமான் எதுவும் பழைய வீட்டுக்குள் முழுசாகப் போகாது. கழற்றி மாட்டக் கூடியதா என்று கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

யோசித்துப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். இந்த வீடுகளில் படுக்கையறை என்று தனியாக ஒன்றைக் கட்டியவர்கள் குறைவு. காலையில் சாப்பாட்டுக் கூடம், மத்தியானம் பூத்தொடுக்கிற இடம், இரவில் படுக்கை. பாய் விரிந்தால் படுக்கையறை, சுருண்டால் கூடம். கட்டில் இருந்தால் அதுவும் கயிற்றுக் கட்டில். பகலில் நிமிர்த்திச் சுவரில் சாத்திவிடுவார்கள். இன்றைக்கும் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துக் கிராமங்களில் வேப்ப மரத்தடியில் கிடக்கிறதே, அதுதான். விருந்தாளி அந்தக் காலத்தில் படுக்கையைத் தானே கொண்டு வந்தார் என்பதும் நினைவிருக்கட்டும். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே ராணி மங்கம்மாள் சத்திரம் இருக்கிறதே, அந்த மாதிரிச் சத்திரங்களில் தங்கினவர்களுக்கு மெத்தை விரித்துக் கொடுத்தது யார்? அவரவர் மூட்டையில் அவரவர் படுக்கை. ரயில் வந்த பிறகு அந்த மூட்டைக்கு 'ஹோல்டால்' என்று பெயர் வந்தது. இப்போது சக்கரம் வைத்த பெட்டியோடு வருகிறார்கள். அதில் எல்லாம் இருக்கிறது, ஒரு தலையணை தவிர.

ஆக, பழைய வீட்டுக்கு இடத்தை அடைக்காத படுக்கை என்பது புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. மாறியது வீடு அல்ல, முழங்கால். முன்பெல்லாம் கிழவிகளும் தரையில் உட்கார்ந்து அரைத்து, தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு, தரையிலிருந்து எழுந்தார்கள். அந்தப் பழக்கம் நாற்காலியிலும் மேடை அடுப்பிலும் போய்விட்டது. அத்தைக்கு வேண்டியது அகலமோ அலங்காரமோ அல்ல, உயரம். ஓரத்தில் உட்கார்ந்தால் உள்ளங்கால் முழுவதும் தரையில் படிய வேண்டும்; முழங்கால் சதுரமாக மடிய வேண்டும். மெத்தை அமுங்கிய பிறகு தரையிலிருந்து 17, 18 அங்குலம் இருந்தால் நம் ஊர்ப் பெண்களில் பெரும்பாலோருக்குச் சரியாக இருக்கும். அத்தை குள்ளமானால் ஓர் அங்குலம் குறைத்துக் கொள்ளுங்கள்.

இந்த ஒரு அளவுகோலை வைத்துக் கொண்டு கடைக்குப் போனால், பாதிச் சாமான் தானாகத் தள்ளுபடி ஆகிவிடும். கான்வாஸ் மடக்குக் கட்டில்: தூக்குவது சுலபம், மூலையில் குடை மாதிரி நிற்கும், ஆனால் தாழ்வு, நடுவில் தொய்வு. இளவட்டங்களுக்கு ஆகும். அத்தை உள்ளே போனால் வெளியே வர மறுபடியும் இரண்டு பேர் வேண்டும். காற்று ஊதும் மெத்தையும் அதே கதைதான். தவிர ரப்பர், மே மாத மதுரையில் தோசைக்கல். சோபா-கம்-பெட் என்று ஒன்று விற்கிறார்களே, அது பகலில் நல்ல சோபாவாகவும் இல்லாமல் இரவில் நல்ல கட்டிலாகவும் இல்லாமல் இரண்டுக்கும் நடுவில் நிற்பது. விரித்தால் பல ரகங்கள் தரையோடு தாழ்ந்துவிடுகின்றன. நடுவில் ஓர் இரும்புக் கம்பி இடுப்பைப் பதம் பார்க்கிறது. வாங்குகிறவர்கள் கடையில் அதன் மேல் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். உட்காருவதற்கா வாங்குகிறீர்கள்? வெட்கப்படாமல் 10 நிமிஷம் படுத்துப் பாருங்கள். கடைக்காரர் காப்பி வாங்கிக் கொடுத்தாலும் கொடுப்பார்.

அடுக்குக் கட்டில் பற்றி ஒரே வார்த்தை. பழைய கட்டை-சுண்ணாம்பு மச்சு வீடுகளில் மேற்கூரை நல்ல உயரம். குழந்தைகளுக்கு மேல் தட்டு போட இடம் இருக்கும். ஆனால் மின்விசிறி எங்கே தொங்குகிறது என்று பார்த்தீர்களா? மேல் தட்டில் எழுந்து உட்காரும் பையனின் தலைக்கும் அதன் இறக்கைக்கும் எவ்வளவு தூரம் என்று அளந்துவிட்டு மற்றதைப் பேசலாம்.

கட்டிலுக்கு அடியில் இன்னொரு கட்டில் சக்கரத்தில் உருண்டு வெளியே வருமே, அது இரண்டு பேருக்கு ஓர் ஆள் இடம்தான் பிடிக்கும். புது மாடி வீட்டில் ஜோராக உருளும். உங்கள் கூடத்துத் தரை எப்படி? கல் பாவிய தரையானால் மேடு பள்ளத்தில் சக்கரம் நிற்கும். காவித் தரையோ ஆத்தங்குடிக் கல்லோ ஆனால் உருண்ட தடம் அப்படியே கோடாக விழும். ஆத்தங்குடிக் கல் என்பது சூளையில் சுட்டது அல்ல. கண்ணாடி மேல் வர்ணக் கலவையை ஊற்றி, அதன் மேல் சிமெண்டும் மணலும் போட்டுக் கையால் செய்வது. கீறல் விழுந்தால் மேலே பூசி மறைக்க வழி இல்லை. செட்டிநாட்டில், கானாடுகாத்தான் போன்ற ஊர்களில், அரண்மனை போன்ற வீடுகள் சிலவற்றை ஹோட்டல்களாக மாற்றி, பெரிய பெரிய கட்டில்களைப் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு மதுரை வீட்டுக்காரர்கள் மயங்கக் கூடாது. அங்கே கூடத்தில் கல்யாணமே நடத்தலாம். இங்கே 11 அடி!

சரி, 11 அடியில் என்னதான் செய்வது?

தச்சர் ஒருவரைக் கூப்பிட்டு டிவான் ஒன்று செய்யச் சொல்லுங்கள். நீளம் ஆறே கால் அடி, அகலம் இரண்டரை அல்லது 3 அடி, மெத்தையோடு சேர்த்து நான் மேலே சொன்ன உயரம். கீழே பெட்டி, மேல் பலகையைத் தூக்கினால் திறக்க வேண்டும். காற்றோட்டத்துக்குப் பக்கப் பலகையில் வரிசையாகத் துளை விடச் சொல்லுங்கள். மறந்தால் ஐப்பசி மழையில் உள்ளே பூஞ்சை பூத்துவிடும். சுவரோடு ஒட்டாமல் 2 அங்குலம் தள்ளிப் போடுங்கள். பழைய சுவரின் ஈரமும் கறையானும் முதலில் தேடி வருவது ஒட்டிக் கிடக்கிற மரத்தைத்தான். கூடத்தில் இப்போது கிடக்கும் சோபாவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதைப் போடலாம். வருஷத்தில் 350 நாள் அது உட்காரும் இடம். மீதி 15 நாள் அத்தையின் சிம்மாசனம்.

வீதி கிழக்கு மேற்காக ஓடுவதால் வடக்கு மாசி வீதி வீடுகள் தெற்கு வடக்காக நீளும். டிவானை நீளவாக்கில் போட்டால் தெற்கே தலை வைக்க அத்தைக்குச் சௌகரியம். வடக்கே தலை வைக்கச் சொல்லிப் பாருங்கள், லாட்ஜே தேவலை என்று புறப்பட்டுவிடுவார்! வாங்குவதற்கு முன் தரையில் சாக்குக் கட்டியால் கோடு போட்டு, இரவில் விளக்கை அணைத்துவிட்டு அதைச் சுற்றி நடந்து பாருங்கள். கொல்லைப்புறத்துக் குளியலறைக்குப் போகிற வழியில் இரண்டரை அடி தாராளமாக மிச்சம் இருக்க வேண்டும். வயதானவர்கள் இரவில் எழுந்திருப்பார்கள். வழியில் முற்றத்துப் பள்ளம் இருக்கிறதே, அதன் ஓரத்தில் ஒரு சிறு விளக்கு எரியட்டும். கட்டிலை விட அந்த விளக்கு முக்கியம் என்றுகூடச் சொல்வேன்.

மற்றவர்களுக்கு? மற்றவர்களுக்குக் கட்டில் எதற்கு? டிவானின் பெட்டிக்குள் நாலு கோரைப் பாய், இரண்டு பவானி ஜமக்காளம், மூன்றாக மடிகிற இரண்டு மெல்லிய மெத்தை, ஆறு தலையணை. முடிந்தது விஷயம். பிளாஸ்டிக் பாய் வாங்காதீர்கள். கழுவச் சுலபம்தான், ஆனால் வியர்வையை வாங்காது, முதுகில் ஒட்டும். கோரை வியர்வையை வாங்கி உலர்த்தும். தாமிரபரணிக் கரைப் பத்தமடையில் நெய்கிறார்களே மெல்லிய பாய், அது துணி மாதிரி மடியும். 1953ல் எலிசபெத் ராணியின் முடிசூட்டுக்கு அந்த ஊர்ப் பாய் போயிற்று. உங்கள் ஓரகத்தி பிள்ளைகளுக்கு அவ்வளவு வேண்டாம், முரட்டுக் கோரையே போதும். எந்தப் பாயானாலும் ஈரத்தோடு சுருட்டினால் கறுத்துப் போகும்.

மெத்தைக்கு இலவம் பஞ்சுதான் என் கட்சி. போடிநாயக்கனூர்ப் பக்கம் அதற்குப் பேர்போனது. நமக்குத் தூரமும் இல்லை. பருத்தியை விடப் பல மடங்கு லேசு, தண்ணீரில் சுலபமாக நனையாது. அதனால்தான் ஒரு காலத்தில் கப்பல்களில் உயிர்காப்புச் சட்டைகளுக்குள் இலவம் பஞ்சை அடைத்தார்கள். அத்தை மகளே ஒரு கையால் தூக்கி மொட்டை மாடியில் வெயிலில் போட்டுவிடலாம். குறை என்னவென்றால் சில வருஷத்தில் கட்டி தட்டும். பிரித்து அடித்து மறுபடி தைக்க வேண்டும். வாங்கும்போது உறையின் மூலைத் தையலை இரண்டு விரற்கடை பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். பட்டுப் போல் மினுக்கினால் இலவம். மங்கலாக, நூல் நூலாக இருந்தால் மில் கழிவு.

இதே தபாலில் இன்னொரு கடிதம். இதற்கும் இடத் தட்டுப்பாடுதான், ஆனால் ஊர் கடற்கரை ஊர். ராமேசுவரத்தில் வீட்டின் ஒரு பகுதியை யாத்ரிகர்களுக்கு நாள் வாடகைக்கு விடுகிறவர் எழுதியிருக்கிறார். பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்று, 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்த பிறகு ரயிலில் வருகிறவர்கள் மறுபடி வருகிறார்கள். ஓர் அறையில் நாலு பேருக்குப் படுக்கை போட வேண்டும், மடக்குக் கட்டில் வாங்கலாமா என்று கேட்கிறார்.

வாங்கலாம், இரும்பில் வேண்டாம். மதுரையில் 10 வருஷம் உழைக்கிற இரும்புக் கட்டில், அந்த உப்புக் காற்றில் கீல் இறுகி, மடக்குக் கட்டில் என்பது மடங்காக் கட்டிலாகிவிடும். வர்ணம் பூசியிருந்தாலும் கீலும் திருகும் உரசுகிற இடத்தில் வர்ணம் நிற்காது. மரச் சட்டம், துருப்பிடிக்காத எஃகுத் திருகு. அல்லது நல்ல பழைய கயிற்றுக் கட்டில். ராமநாதபுரம் சீமை பனைமரச் சீமை; பனை நார்க் கட்டில் பின்னத் தெரிந்தவர் பக்கத்திலேயே கிடைப்பார். இன்னொன்று: உங்கள் விருந்தாளிகள் அக்கினி தீர்த்தத்தில் முழுகி, கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடிவிட்டு, சொட்டச் சொட்ட வந்து முதலில் உட்காருவது கட்டிலில்தான். ஸ்பாஞ்ச் மெத்தை அந்தத் தண்ணீரைக் குடித்தால் வாரக் கணக்கில் நாறும். நார்க் கட்டிலில் ஒழுகிக் கீழே போய்விடும். வாசலிலேயே ஒரு மரப் பெஞ்சும் துணி உலர்த்தக் கொடியும் போட்டுவிட்டால் உங்களுக்குப் பாதிக் கவலை விட்டது. நாலு கட்டிலையும் பகலில் நிமிர்த்திச் சாத்தினால் அறையில் ஓர் அடிக்கு மேல் போகாது.

கயிற்றுக் கட்டில் தொய்ந்துவிட்டது என்று தூக்கி எறிகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கால்மாட்டில் ஓர் அடி இடம் விட்டுத் தனிக் கயிறு ஓடுகிறதே, அது எதற்கென்று நினைத்தீர்கள்? இறுக்குவதற்கு! மாதம் ஒருமுறை அதை இழுத்துக் கட்டினால் கட்டில் மறுபடி தம்பூரா ஆகிவிடும். உயரம் போதாவிட்டால் நாலு காலுக்கும் கீழே குழி வெட்டிய மரக்கட்டை வைக்கலாம். குழி இல்லாத கட்டை மட்டும் கூடாது, கால் நழுவும்.

பழைய கட்டில் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது வாங்கினால், வீட்டுக்குள் கொண்டுபோவதற்கு முன் பொருத்துகளில் கொதிக்கிற வெந்நீரை ஊற்றி, இரண்டு நாள் உச்சி வெயிலில் போட வேண்டும். மூட்டைப்பூச்சிக்கு விருந்தாளியைத் தெரியும்.

மாசி வீதி வாசகிக்குக் கடைசியாக ஒன்று. புது மரத்தில் பாலிஷ் போட்டால் வாசனை போகக் குறைந்தது இரண்டு வாரம் ஆகும். வயதானவர்களுக்கு அது தலைவலி. திருவிழாவுக்கு முதல் நாள் கட்டில் வந்து இறங்கினால் பிரயோஜனம் இல்லை. மாசி முடிவதற்குள் தச்சரிடம் அளவு கொடுத்துவிடுங்கள். அத்தைக்கு மட்டும் இன்றைக்கே டெலிபோன் செய்து, லாட்ஜ் அறையை வேண்டாம் என்று சொல்லச் சொல்லுங்கள்.